கடைசிப் பதினெட்டு நிமிடம்

அந்தச் சீனப் படத்தின் கடைசிப் பதினெட்டு நிமிடத்தை நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று அண்ணன் மகளிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று நூற்றைம்பது பேருக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்கினேன். ஐம்பது வயது, இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். இவ்வளவு இருந்தும் அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் போனது.

முதலில் அந்த மைக் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். முந்திரிக்காடும் வாத்தியார் வேலையும்தான் பிழைப்பு. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் நாற்பது நாள் கறி மீன் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, கோயிலில் அல்லேலூயாகூடப் பாட மாட்டோம். சினிமாவும் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் போனில் பார்ப்பது வேறு கதை. நாலு வருடத்துக்கு முன்னால் வந்த பங்குச் சாமியார்தான் ஒரு வழி சொன்னார். பாட்டும் ஆட்டமும் இல்லாத நல்ல படமாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பாட்டில்லாத தமிழ்ப் படத்துக்கு எங்கே போவது? அப்படித்தான் சீனா, ஹாங்காங், தைவான், கொரியா, ஜப்பான் எல்லாம் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன.

படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அதை யார் படிப்பது? டீச்சர் படிக்கட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நீள நோட்டில் தமிழில் எழுதுவேன். சனிக்கிழமை திரைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு, ஒரு மைக். அந்த எழுத்து ஓடிக்கொண்டே இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று பெண்கள் குறை சொன்னதால், திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து விழும் இடத்தில் கருப்புத் துணி கட்டினோம். அதன் மேல் விழும் எழுத்து, கிட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். ஆக, அந்த மண்டபத்தில் சீனாக்காரன் என்ன பேசுகிறான் என்பது முழுக்க என் வாயில்தான் இருந்தது.

முதல் வருடம் ஒரு சரித்திரப் படம் போட்டோம். சக்கரவர்த்திக்கு ஏற்ற தமிழ் வேண்டும் என்று 'மாமன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்' என்றெல்லாம் எழுதிப் படித்தேன். மண்டபமே சிரித்தது. அண்ணன்தான் இடைவேளையில் வந்து, "பாப்பா, நாம பேசுற மாதிரியே பேசு. ராசாவா இருந்தா என்ன, அவனும் வூட்ல சோறுதானே திங்கிறான்" என்றார். அன்றிலிருந்து சீனச் சக்கரவர்த்தி ஜெயங்கொண்டத்துக்காரனாகப் பேசத் தொடங்கினார்.

ஜனங்கள் படம் பார்க்கிற விதமே தனி. பத்தாயிரம் குதிரைகள் பாய்ந்து வரும் போர்க் காட்சியில், முந்திரித் தோட்டக்காரர் ஒருவர், இம்புட்டுக் குதிரைக்கும் யாரு தண்ணி காட்டுறது என்று கவலைப்பட்டார். ஒரு காதல் படத்தில் இரண்டு பேர் இரண்டு மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்க, முன் பெஞ்சு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று சத்தமாகவே சொன்னார். ஹாங்காங் திருடன்-போலீஸ் படமொன்றில் போலீஸ்காரன் எதிரில் உட்கார்ந்து திருடன் நூடுல்ஸ் சாப்பிடுகிறான். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்போது எங்கிருந்தோ ஒரு குரல், சாப்ட்டு முடிக்கட்டும், அப்புறம் புடிங்க என்றது.

எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கும் சோறுதான் காரணம். அவற்றில் தகப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாசத்தை வாயால் சொல்வது அபூர்வம். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். மீன் துண்டை எடுத்து அடுத்தவர் கிண்ணத்தில் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அண்ணன் இந்த வயதிலும் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஆள், ஆனால் உன்மேல் பாசம் என்று ஒரு தடவைகூட வாயால் சொன்னவர் இல்லை. வாசலில் கொய்யாப்பழப் பையை மாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அண்ணன் பதினோரு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். திரும்பி வந்து ஊரில் லைட்-மைக்செட் கடை போட்டார். மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ், புரொஜெக்டர் எல்லாம் அவருடையது. படம் முடியும் வரை இடது சுவரோரம் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். என் மைக்கின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். சிங்கப்பூர்க் கதைகளில் அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. போன புதிதில் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடக் கொடுத்த இரண்டு குச்சியையும் சோற்றுக்கு நடுவில் நட்டுவைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார். கடைக்காரச் சீனக் கிழவி ஓடிவந்து அவற்றைப் பிடுங்கிவிட்டு, செத்தவங்களுக்குத்தான் அப்படி வைப்பாங்க என்று கையில் ஓர் அடி போட்டாளாம். எத்தனை தடவை கேட்டிருப்பேன். எல்லாம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சிரிப்பு இரண்டு வருடமாக நின்றுவிட்டது. ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்த்தவள், கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் கத்தோலிக்கன்தான், நல்ல படிப்புதான். சாதி வேறு. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை வாங்கி நாக்கில் வைத்துக்கொள்கிறோம், கல்யாணம் என்று வந்தால் மட்டும் அவரவர் தெரு அவரவருக்கு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும். ஆனால் அண்ணன் கத்தவில்லை, சபிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அண்ணி ஒளிந்து ஒளிந்து போனில் பேசுவாள். அது அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

அவளும் விடவில்லை. தினமும் தகப்பனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அவர் அதைக் கேட்கவும் இல்லை, அவள் நம்பரைத் தடுத்துவைக்கவும் இல்லை. ஒருநாள் அவர் போன் மேஜையில் கிடந்தபோது எட்டிப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே அறுநூற்றுச் சொச்சம் என்று எண் நின்றது. கடைசியாக வந்தது வெறும் நாலு நொடி. நாலு நொடியில் இந்தப் பெண் என்னதான் சொல்கிறாள் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

இந்த வருடத் தவக்காலத்தில் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தைவானில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார்கள், திரும்பி வர மூன்று வருடமோ நாலு வருடமோ ஆகும் என்றாள். ஒரு வருடமாகவே அவள் சீனம் படித்துக்கொண்டிருந்தாள். என் நோட்டுக்கு உதவியதே அவள்தான். ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள்தான். அது சித்தப்பாவா மாமாவா என்று தெரியாமல் நான் முழிப்பேன். அவள் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, அது சித்தப்பா, இது தாய்மாமன் என்று சொல்லிக்கொடுப்பாள். இப்போது ஒரே ஒரு உதவி கேட்டாள்.

"அத்த, குருத்து ஞாயிறுக்கு முந்துன சனிக்கிழமை நான் அனுப்புற படத்தப் போடுங்க. அப்பாகிட்ட நான் சொல்ல வேண்டியது எல்லாம் அதுல இருக்கு. முழுசா பாத்துட்டு எழுதுங்க."

அவளும் வந்து பின் பெஞ்சில் உட்காருவதாகச் சொன்னாள். படம் முடிந்ததும் அப்பா எதிரில் போய் நிற்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே போய்விடுவாள், இனிமேல் அழைக்க மாட்டாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

படம் ஓர் ஆற்றங்கரை ஊரில் படகு ஓட்டும் தகப்பனைப் பற்றியது. மனைவி இல்லை, ஒரே மகள். அக்கரைக்காரனோடு மகள் போய்விடுகிறாள். குடும்பத்தின் வம்சாவளிப் புத்தகத்திலிருந்து தகப்பன் அவள் பெயரை மை வைத்து அழிக்கிறார். மகள் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒன்றையும் பிரிக்காமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைக்கிறார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அந்த டப்பாதான் அண்ணன் போன்.

பிளஸ் டூ பரீட்சை நேரம். எனக்கு அரியலூரில் ஹால் டூட்டி. போகவர பஸ்ஸில் போனில் வைத்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது, படத்தில் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். வெளியே பனி கொட்டுகிறது. தகப்பன் தனியாகச் சமைத்து மேஜையில் இரண்டு கிண்ணம் வைக்கிறார். கதவு தட்டும் சத்தம். திறந்தால் மகள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மீன் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் வைக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். அப்போது போனில் சார்ஜ் போய்விட்டது. இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி என்று காட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டுப் பார்த்திருக்கலாம். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது, அதற்கப்புறம் அசதி. நம் ஊர்ப் படத்தில் தகப்பனும் மகளும் சேர்ந்துவிட்டால் அடுத்த நொடி சுபம் போட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள். மீதிப் பதினெட்டு நிமிடமும் சமைத்தவன், வண்டி ஓட்டினவன் பெயராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். நாற்பது வருடம் தமிழ்ப் படம் பார்த்த புத்தி. அன்று ராத்திரி அவள் போனில், முழுசா பாத்தீங்களா அத்தை என்று கேட்டாள். பாத்தேன் பாத்தேன் என்றேன்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அண்ணன் தன் போனைப் புளூடூத்தில் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஒரு தவக்கால ஒப்பாரிப் பாட்டை ஓடவிட்டு இரண்டு பாக்ஸையும் சோதித்தார். ஜன்னல்களுக்கு நீலத் தார்ப்பாய் கட்டினோம். உள்ளே வெக்கை தாங்கவில்லை. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் தார்ப்பாய் அதிர்ந்தது. நாலு மணிக்கு விளக்கை அணைக்கும் சமயத்தில் பெண்கள் பக்கத்துக் கதவு வழியாக ஒருத்தி வந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டு, முகத்தில் மாஸ்க் கட்டி, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அவள் யார் என்று தெரியும். அண்ணிக்கும் தெரியும், ஆனால் அவள் மண்டபத்துக்கு வரவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்.

முதல் ஒன்றரை மணி நேரமும் என் நோட்டுப்படி நடந்தது. நான் படிப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடிதத்தை டப்பாவில் போடும் காட்சியில் அவர் குனிந்து ஏதோ வயரைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அந்த வயர். புத்தாண்டு இரவு வந்தது. படத்தில் தகப்பன் இரண்டாவது கிண்ணத்தில் சோறு போட்டு, இரண்டு குச்சியையும் அதன் நடுவில் நட்டுவைத்தார். அண்ணன் ஸ்டூலில் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். மனசு இளகுது என்று நான் சந்தோஷப்பட்டேன். முட்டாள்.

மகள் வந்தாள், சாப்பிட்டாள். நோட்டில் கடைசி வரியைப் படித்துவிட்டு, "அவ்வளவுதாங்க, அப்பாவும் பொண்ணும் சேந்துட்டாங்க. படம் முடிஞ்சுது" என்றேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தவர் விளக்கைப் போட்டார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"ஒக்காருங்க, இன்னும் ஓடுது" என்றார் அண்ணன்.

திரையில் விடிந்திருந்தது. பனி நின்றிருந்தது. மேஜையில் இரண்டாவது கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது, குச்சிகள் நட்டபடி. மீன் துண்டு அதன் மேல் காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். கருப்புத் துணியில் விழுந்த எழுத்தைப் படித்தேன். 'அவளை அக்கரையில் புதைத்து மூன்று மாதம் ஆகிறது. ஊரே போனோம். நீங்கள் வரவில்லை. இனி யாருக்காக வைக்கிறீர்கள்?'

விளக்கு அணைந்தது, நூற்றைம்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். செத்துப்போன மகளைக் காட்டியா இவரை இளக்கப் பார்த்தாள் இந்தப் பெண்? இதைச் சொன்னால் அண்ணன் எழுந்து போய்விடுவார், எல்லாம் கெட்டுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன்.

"பக்கத்து வூட்டம்மா கேக்குறாங்க, பொண்ணு எங்கன்னு. புருசனக் கூட்டியாரப் போயிருக்கான்னு அப்பா சொல்றாரு."

படத்தில் தகப்பன் வாயையே திறக்கவில்லை. நான்தான் பேசினேன்.

ஒன்று சொல்லிவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. தகப்பன் அலமாரி மேலிருந்து டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு கடிதமாகப் பிரித்தார். மகளின் குரல் கேட்டது. கருப்புத் துணியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, நான் படித்துக்கொண்டே மாற்றிக்கொண்டே போனேன். கடைசிக் கடிதத்தை, வசந்த காலம் வந்ததும் வந்துடுறோம்ப்பா என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அடுத்து அந்த வீட்டின் கதவில் வெள்ளைத் துணி தொங்கியது. ஊர்க்காரர்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வந்தார்கள். எங்கள் ஊரில் வெள்ளை என்றால் பிள்ளைகள் முதல் தடவை அப்பம் வாங்கும் புது நன்மை, வெள்ளை என்றால் கல்யாணப் பெண். ஆண்டவரே காப்பாற்றினார் என்று நினைத்தேன்.

"ஊரக் கூட்டி முறையா கல்யாணம் பண்ணி வைக்கிறாரு அப்பா" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தின் பின்னால் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. பெண்கள் பக்கத்துக் கதவு திறந்து மூடியது. கடைசி பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. நான் அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன், பாக்ஸில் குரல் வரவில்லை. மைக்செட்டில் கோளாறோ என்று பார்த்தால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கை என் மைக்கின் திருகில் இருந்தது. அதைக் கடைசி வரை இறக்கிவிட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதிப் படம் சீனத்திலேயே ஓடியது. மகளைப் புதைக்கப் போகாத அந்தத் தகப்பன், மூன்று மாதம் கழித்து அவளுக்காக ஆற்றங்கரையில் உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். நான் செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவள் பின்னால் ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது, அண்ணன் முன்னால் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. வெளியே ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

படம் முடிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். முன் பெஞ்சு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல முடிவு டீச்சர், ஒரு மாலைகூடப் போடாம கல்யாணம் பண்றாங்களே, அதுதான் ஒரு மாதிரி இருக்கு என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரில் பல பேர் இன்றைக்கும் அந்தப் படம் கல்யாணத்தில் முடிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அண்ணன் மைக் வயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அது கல்யாணம் இல்ல" என்றார்.

நான் நோட்டை மூடினேன்.

"பதினோரு வருசம் அங்க இருந்தவன் நானு. அடுக்குமாடி புளோக்குக்கு அடியில வெள்ளத்துணி கட்டி, பேப்பர் கொளுத்தி, எத்தன சாவு பாத்திருக்கேன். கிண்ணத்துல குச்சிய நட்டாரு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, அந்தப் பொண்ணு இல்லன்னு." வயரைச் சுற்றுவதை நிறுத்தினார். "ஏன் மாத்துன?"

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேண்ணே."

"நானா, நீயா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தக் கடைசி லெட்டர்ல நெசமா என்ன எழுதியிருந்துச்சு என்று கேட்டார். அது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

"போன வருசம் படகுத்துறை வரைக்கும் வந்தேன்ப்பா. நம்ம வூட்ல வெளக்கு எரிஞ்சுது. உள்ள வரப் பயமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்." இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, இந்தப் படத்த அனுப்புனதே அவதான். இன்னைக்கு வந்திருந்தா. கடைசி பெஞ்சுல ஒக்காந்திருந்தா. நான் கல்யாணம்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டா. செவ்வாக்கெழம தைவான் போறா."

அண்ணன் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அவர் தைவான் என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. நான் அவர் எழுந்து வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அதைத்தானே செய்கிறார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவள் பெயரைத் தொட்டார். காலையில் வந்த மெசேஜின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார், பிறகு அழுத்தினார்.

மூன்றரை மணிக்குப் பாட்டுப் போட்ட இணைப்பை அவர் துண்டிக்கவே இல்லை. காலி மண்டபத்தின் இரண்டு பாக்ஸிலிருந்தும் அவள் குரல் பெரிதாக வந்தது.

"அப்பா, சாப்டீங்களா?"

அண்ணன் திடுக்கிட்டுப் போனார். ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை. அதற்கு முந்தையதை அழுத்தினார். அப்பா, சாப்டீங்களா? அதற்கும் முந்தையது. சாப்டீங்களாப்பா? ஒன்றில் அவளுக்கு ஜலதோஷம். ஒன்றில் பின்னால் ரயில் சத்தம். ஒன்றில் கேட்டுவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறாள், பதில் வரும் என்பது போல. ஒன்றில்கூட வேறு எதுவும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அறுநூறு சொச்சத்தில் எத்தனை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. அவர் தோள் குலுங்கியது. நான் என் அண்ணன் அழுது பார்த்ததில்லை, அம்மா சாவில்கூட.

அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்தார். பேசும் பொத்தானை அழுத்தியபடி தொண்டையைச் செருமினார்.

"இன்னும் சாப்டல" என்றார். அவ்வளவுதானோ என்று நினைத்தேன். "வூட்டுக்கு வா."

விரலை எடுத்தார். போன் திரையில் ஒரு டிக் விழுந்தது. அவள் இந்நேரம் ஜெயங்கொண்டத்தைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். கோபத்தில் போனை அணைத்து வைத்திருக்கலாம். என்மேல் உள்ள கோபம்தான், அதுவும் நியாயமான கோபம். இரண்டு பேரும் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாலையில் ஒரு லாரி போய் முடிந்தது, இன்னொன்று வந்தது. இரண்டாவது டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் நீலமாயின. அதற்கப்புறமும் ஒன்றும் வரவில்லை. அண்ணன் மெதுவாகப் போனைப் பைக்குள் வைக்கப் போனார்.

அப்போது பாக்ஸ் இரண்டும் டிங் என்றன. அவர் அழுத்தினார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவும் சத்தம், அதற்கு நடுவில் அவள் குரல், மூக்கடைத்துப் போய்.

"என்ன கொழம்புப்பா?"

தவக்காலத்தில் என்ன குழம்பு இருக்கும், கத்திரிக்காய்க் காரக்குழம்புதான். மத்தியானமும் அதைத்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அண்ணிக்குப் போன் போடு பாப்பா. இன்னும் ரெண்டு பேருக்குச் சேத்து ஒல வைக்கச் சொல்லு."